தலைமாட்டில் துப்பாக்கி

2019 ஆகஸ்ட் 11-ஆம் தேதி இரவு கடையம் அருகே கல்யாணிபுரத்தில் நடந்ததை எங்கள் பக்கத்தில் பார்க்காதவர் இல்லை. மலையடிவாரத் தோட்டத்து வீடு. பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். முகத்தை மூடிய ஒருவன் பின்னால் வந்து துண்டைக் கழுத்தில் போட்டு இறுக்குகிறான். சத்தம் கேட்டு வெளியே வந்த அவர் மனைவி, வாசலில் கிடந்த செருப்புகளை எடுத்து வீசுகிறார். அரிவாளோடு இன்னொருவனும் வந்து சேர்கிறான். அந்த அம்மா பின்வாங்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி, முக்காலி என்று கையில் அகப்பட்டதெல்லாம் பறக்கிறது. கழுத்து விடுபட்ட பெரியவரும் எழுந்து அடிக்கிறார். வந்தவர்கள் அந்த அம்மாவின் சங்கிலியைப் பறித்துக்கொண்டு ஓடுகிறார்கள். வீட்டுக் கேமராவில் பதிவானது நாடெங்கும் பரவியது. சுதந்திர தினத்தன்று முதலமைச்சர் கையால் இருவருக்கும் துணிச்சலுக்கான விருது கிடைத்தது.

ஊரே மெச்சியது. மெச்சி முடித்ததும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "வந்தவன் நாற்காலிக்குப் பயப்படாதவனா இருந்திருந்தா?"

அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டுப் பீரோவுக்குள் ஒரு பதில் இருந்தது. அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில் தனித்த வீடு எங்களுடையது. கணவர் காலமான பிறகு மாமனாரும் நானும் இருந்தோம். அவரும் போன பிறகு நான் மட்டும். அவர் விட்டுப்போனவற்றில் ஒன்று இரட்டைக் குழல் துப்பாக்கி. பயிரைக் காட்டுப்பன்றி அழிக்கிறது என்று எழுதிக் கொடுத்து 1960-களில் வாங்கிய உரிமம். 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தபின் பன்றியை நினைத்தபடி சுட முடியாது. அதன் பிறகு துப்பாக்கிக்கு ஒரே வேலை, 'பாதுகாப்பு'.

தேர்தல் அறிவிப்பு வந்தால் அதை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். மாமனார் பழைய எட்டு முழ வேட்டியில் சுற்றி, காரின் பின்சீட்டில் கிடத்தி எடுத்துப்போவார். தேர்தல் முடிந்து திரும்பி வந்ததும் முற்றத்தில் பாயை விரிப்பார். துப்பாக்கியை மடக்கிக் குழலைத் தனியே கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பார். கம்பி நுனியில் துணி சுற்றி எண்ணெய் நனைத்து உள்ளே விட்டு இழுப்பார். துணி கறுப்பாக வரும், மறுபடி புதுத்துணி. வெள்ளையாக வரும்வரை விடமாட்டார். அந்த எண்ணெய் வாடை மத்தியானம்வரை முற்றத்தை விட்டுப் போகாது. நான் அந்த வீட்டுக்கு வாழ வந்த நாள் முதல் அது எந்த மனிதரையும் நோக்கி உயர்ந்ததில்லை.

உரிமக்காரர் இறந்தால் வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்கலாம், அல்லது ஒப்படைத்துவிட வேண்டும். கொழுந்தனார் வந்து உட்கார்ந்து சொன்னார்: "வச்சுக்கிடுங்க மதினி. நீங்க சுடவா போறீங்க? வீட்டுல இருக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சாப் போதும்." டெக்சாஸில் இருக்கும் மகன் போனில், "அம்மா, இங்க எல்லா வீட்லயும் இருக்கு" என்றான். நான் ஓய்வு பெறும்வரை பள்ளியில் தமிழ் நடத்தியவள். இந்த மாதிரி நேரத்தில் வள்ளுவரைத் திறப்பது தொழிற்பழக்கம்.

கொல்லாமை அதிகாரத்தில் அவர் ஓரிடத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறார்: உன் உயிரே போகிற நிலை வந்தாலும் இன்னொன்றின் உயிரைப் போக்காதே. உரைகாரர் பரிமேலழகர் சொல்லும் காரணம் இன்னும் கறார். கொலையுண்டால் பாவம் தேயும், கொன்றால் வளரும். இதைப் படித்தவர் பீரோவைத் திறக்கவே வேண்டாம்.

ஆனால் அந்த அதிகாரம் துறவறவியலில் இருக்கிறது. துறவிக்குக் காக்க வீடில்லை, பேரப்பிள்ளை இல்லை. பொருட்பாலுக்குப் போனால் பேச்சே வேறு. செங்கோன்மையில், கொடியவரைக் கொலைத்தண்டம் கொடுத்து அரசன் ஒறுப்பது களையெடுப்புக்குச் சமம் என்கிறார். துறவிக்குக் கொல்லாமை, அரசனுக்குத் தண்டம். நடுவில் நிற்கும் இல்லறத்தானுக்கு என்ன?

இல்லறவியலின் இருபது அதிகாரங்களில் அன்புக்கும் விருந்துக்கும் பொறைக்கும் ஈகைக்கும் இடம் உண்டு. ஆயுதத்துக்கு ஓர் அதிகாரம் இல்லை. ஆனால் காவல் உண்டு. இல்வாழ்வான் பேண வேண்டியவர்களாக முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் என்று நால்வரைச் சொல்லி, ஐந்தாவதாகத் தன்னையும் சேர்க்கிறார். தன்னைப் பேணுவது எப்படி அறமாகும்? எல்லா அறத்தையும் தான் உயிரோடு இருந்தல்லவா செய்ய வேண்டும், அதனால் அதுவும் அறமே என்கிறார் பரிமேலழகர். உயிரை விட்டாலும் கொல்லாதே என்ற அதே உரைகாரர்தான் இதையும் சொல்கிறார். துறவிக்குச் சொன்னதை அவர் குடும்பஸ்தன் தலையில் கட்டவில்லை.

ஆகவே தற்காத்துக்கொள்வது பாவமா என்று நான் கேட்கவில்லை. பாவமில்லை. பேரன் கழுத்தில் எவனாவது துண்டைப் போட்டால் நானும் அரிவாள்மணையைத் தூக்குவேன், அந்த நேரத்தில் அகிம்சை பேச மாட்டேன். என் கேள்வி வேறு. ஆபத்து வந்தபோது கையில் கிடைத்ததைக் கொண்டு போராடுவது ஒன்று. ஆபத்து வரும் வரும் என்று கொல்லும் கருவியைத் தலைமாட்டில் தயாராக வைத்துக்கொண்டே வாழ்வது இன்னொன்று. இரண்டும் ஒரே அறமா?

அந்த ஐவரின் வரிசையைப் பாருங்கள். விருந்தினர் மூன்றாவது, தான் கடைசி. தலைமாட்டுத் துப்பாக்கி இந்த வரிசையைப் புரட்டிவிடுகிறது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் அகாலத்தில் தண்ணீர் கேட்டு எங்கள் கதவைத் தட்டியிருக்கிறார்கள். பாம்பு கடித்த ஆளைத் தூக்கிக்கொண்டு நடுச்சாமத்தில் கார் கேட்டு வந்திருக்கிறார்கள். வெறுங்கையோடு இருக்கும்போது "யாரு?" என்று கேட்கிறேன், பதில் வருகிறது, பிறகு தீர்மானிக்கிறேன். கையில் துப்பாக்கி இருந்தால் அந்தக் கேள்வியின் தொனியே மாறிவிடும். பதில் வருவதற்குள் மனசு பாதித் தீர்ப்பை எழுதி வைத்திருக்கும்.

சட்டம் எனக்கு நிறையவே இடம் தருகிறது. தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்ததுதான். பொழுது சாய்ந்தபின் கன்னமிட்டு நுழைபவனுக்கு எதிரே அந்த உரிமை உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூடப் போகலாம். ஆனால் தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. தேவை எவ்வளவு என்று இருட்டில், தூக்கக் கலக்கத்தில், மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே நான் முடிவு செய்ய வேண்டும். நீதிமன்றம் அதையே சாவகாசமாக, வருஷக் கணக்கில் யோசிக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பூட்டி வைத்த துப்பாக்கி ஆபத்துக்கு உதவாது. கல்யாணிபுரத்துப் பெரியவரின் கழுத்தில் துண்டு விழுந்தபோது பீரோவுக்குள் பீரங்கியே இருந்திருந்தாலும் என்ன பயன்? உதவ வேண்டுமென்றால் தோட்டா போட்டுக் கையெட்டும் இடத்தில் கிடக்க வேண்டும். அப்படிக் கிடப்பது கோடை விடுமுறைக்கு வரும் பேரன் கைக்கும் எட்டும். மனம் உடைந்த ஒரு ராத்திரியில் வீட்டு ஆளுக்கே எட்டும். மகன் இருக்கும் அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வயலுக்கென்று வாங்கி வைத்த பூச்சிமருந்து எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டைக் காலி செய்திருக்கிறது என்று எந்த வாத்தியாரைக் கேட்டாலும் சொல்வார்.

ஆயுதமே ஆகாது என்று எங்கள் ஊர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கே வைப்பது என்பதில்தான் அவற்றுக்குத் தெளிவு இருந்தது. சுடலைமாடன் கையில் அரிவாள் உண்டு, வல்லயம் உண்டு. ஆனால் அவர் நிற்பது ஊருக்கு வெளியே, சுடுகாட்டுப் பக்கம். கொடையன்று நடுச்சாமத்தில் பந்தத்தோடு வேட்டைக்குப் போகும் சாமியாடி, ஊர் அறிய ஆயுதத்தை வாங்குகிறார். சாமி மலையேறியதும் ஊர் அறியப் பீடத்தில் திருப்பி வைக்கிறார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாயடியில் வைத்துக்கொள்வதில்லை. சொரிமுத்தையனார் கோயிலில் செருப்புக் காணிக்கை வாங்கும் பட்டவராயனை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியப் பெண்கள் இருவரை மணந்து, செருப்புத் தைத்து, மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்ட முத்துப்பட்டன் அவர். தன் பணப்பெட்டிக்குக் காவல் இருந்தவனை இந்த மலையடிவாரம் சாமியாக்கவில்லை. அடுத்தவர் பொருட்டு ஆயுதம் எடுத்துச் செத்தவனைத்தான் ஆக்கியது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஊர் காக்கும், அரசு காக்கும் என்று யார் சொல்ல முடியும்? 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள் மேல் போலீஸ் தடியடி நடத்தியது. அதில் 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். பொதுக்கையில் ஆயுதம் இருப்பதே நல்லது என்று அந்தக் குடும்பங்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பரில் ஆங்கிலேயர் இந்தச் சீமையின் ஆயுதங்களைப் பறித்து, ஆயுதம் வைத்திருப்பதையே குற்றமாக்கினார்கள். அந்த ஆத்திரம் தலைமுறைகளாக ஆறவில்லை. 1931-இல் கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்வதைக் குடிமக்களின் உரிமைகளில் ஒன்றாகவே சேர்த்தது. சுதந்திரம் வந்தபின் அரசியல் நிர்ணய சபையில் அதைக் கேட்டபோது சபை ஏற்கவில்லை. இன்று அது உரிமை அல்ல, 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசு தரும் உரிமம்.

அந்த உரிமம் யாருக்குக் கிடைத்தது? நான் பார்த்தவரை வயல் இருந்தவனுக்கு. வயலில் வேலை செய்தவனுக்கு அல்ல. கொழுந்தனார் சொன்னதை நினைத்துப் பார்க்கிறேன்: ஊருக்குத் தெரிஞ்சாப் போதும். உண்மைதான், தெரிந்திருந்தது. மாமனார் முற்றத்தில் குழலைத் துடைக்கும் நாளில் கூலி வாங்க வந்தவர்கள் படிப்புரைக்கு அப்பால், வேப்பமரத்தடியிலேயே நின்றுவிடுவார்கள். கூலியில் குறை இருந்தாலும் அன்றைக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவர் அவர்களை மிரட்ட நினைத்தவரே அல்ல. ஆனால் திருடனுக்கென்று வைத்த துப்பாக்கி, திருடன் ஒருவன்கூட வராத வருஷங்களிலும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. பயப்பட வேண்டாதவர்கள் பயந்தார்கள். சுடாத ஆயுதம் யாரையும் தொடுவதில்லை என்பதை நான் நம்ப மாட்டேன்.

மாஞ்சோலைக்காரர்களின் நியாயமான கோபத்துக்கு என் பீரோவில் இருந்த துப்பாக்கி பதில் ஆகாது. அது அவர்கள் பக்கம் நின்ற ஆயுதமே அல்ல. பொதுக்காவல் தவறினால் அதைக் கேள்வி கேட்டு, கூண்டில் ஏற்றித் திருத்த வேண்டும். வசதி உள்ளவன் வீட்டுக்கு வீடு தனிக்காவல் வைத்துக்கொண்டால் பொதுக்காவலைப் பற்றிக் கவலைப்பட ஆள் குறைந்துபோவார்கள்.

துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டேன். அதனால் பயம் போய்விடவில்லை. கம்பிக்கதவு போட்டிருக்கிறேன், வாசல் விளக்கு விடியும்வரை எரிகிறது, நாய் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் இரண்டு குடும்பங்களின் நம்பர் போனில் முதலில் நிற்கிறது. அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு முன்னைவிட அதிகமாகப் போய்வருகிறேன். ஆயுதம் வேண்டாம் என்கிறவள் ஆட்களைச் சம்பாதித்தாக வேண்டும். அதைச் செய்யாமல் அகிம்சை பேசினால் அது வெறும் சோம்பல்.

"ஒரு நாள் நிஜமாவே ஒருத்தன் வந்துட்டா என்ன செய்வீங்க மதினி?" என்று கொழுந்தனார் இன்னும் கேட்கிறார். கேள்வி நியாயமானது. அப்படி ஒரு ராத்திரி வந்தால் என் கணக்கு தப்பாகப் போகலாம், நான் சாகவும் கூடும். துப்பாக்கி இருந்தாலும் கணக்கு தப்பலாம். அப்போது சாவது தண்ணீர் கேட்டு வந்த ஒரு பாதயாத்திரைக்காரராக இருக்கலாம், பீரோவைக் குடைந்த பேரனாகவும் இருக்கலாம். இரண்டு வழியிலும் தவறு நேரக்கூடும் என்றால், அதற்கான விலையை நானே கொடுக்கும் வழி எது என்று பார்த்தேன். என் பயத்துக்கு இன்னொருவர் உயிரை ஈடுவைக்க எந்த உரிமமும் எனக்கு அதிகாரம் தராது.