மணமேடை எங்கே?

முகூர்த்த நாள் என்று பஞ்சாங்கம் முத்திரை குத்திவிட்ட ஒரு காலைப்பொழுதில், பல்லாவரத்திலிருந்து திருநீர்மலைக்குச் செல்லும் சாலையைப் பாருங்கள், தோழர்களே! தோல் பதனிடும் தொழிற்சாலைகளைக் கடந்து, மாலை சூட்டிய கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்லும். பன்னீரின் மணம் ஒருபுறம், பதனிட்ட தோலின் நெடி மறுபுறம். அடிவாரத்திலே நீர்வண்ணர், மலைமேலே பள்ளிகொண்ட அரங்கநாதர். குன்றைச் சூழ்ந்த வெள்ளம் வடியட்டும் என்று திருமங்கையாழ்வார் ஆறு திங்கள் காத்திருந்தார் என்கிறது தலபுராணம். ஆழ்வாருக்கு அவ்வளவு பொறுமை! இன்று அங்கே தாலி கட்டும் இணைக்கோ நின்று மூச்சுவிடவும் நேரமில்லை. அடுத்த இணை மாலையும் கையுமாகப் பின்னால் நிற்கிறது.

அந்த வரிசையைச் சற்று உற்று நோக்குங்கள். இருநூறு உறவினரும் நாதசுரமும் புடைசூழ வந்த இணை ஒன்று. அதற்கடுத்து, நண்பர்கள் நால்வர் மட்டுமே துணையாக, யாரேனும் துரத்தி வருகின்றனரோ என்று படிக்கட்டைப் பார்த்துப் பார்த்து நிற்கும் இணை ஒன்று. முன்னவர் நேர்த்திக்கடனுக்கு வந்தவர். பின்னவர் சாதிக்கு அஞ்சி வந்தவர். பிறந்த ஊரிலே, பழகிய தெருவிலே, தாய் தந்தையர் முன்னிலையிலே மணந்துகொள்ள இயலாமல் முன்பின் அறியாத குன்றொன்றைத் தேடி வந்த அந்த இருவருக்காகவே இக்கட்டுரை.

ஊரை விட்டு ஓடி மணப்போர் இன்னொரு வகையினரும் உண்டு. அவரை அச்சம் துரத்தவில்லை; ஆடம்பரம் அழைக்கிறது. உதயப்பூர் அரண்மனையிலே மணவிழா, பாலித் தீவிலே மாலைமாற்று! 2017 திசம்பரில் இந்தியக் கிரிக்கெட் அணித் தலைவரும் இந்தித் திரை நடிகையும் இத்தாலியின் டஸ்கனிப் பகுதிக்குச் சென்று மணம் முடித்தனர். 2022 சூன் 9இல் நம் மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதியிலே ஒரு நட்சத்திர மணவிழா நடந்தது. 'டெஸ்டினேஷன் வெட்டிங்' என்று இதற்குப் பெயரும் சூட்டிவிட்டனர். 2023 நவம்பரில் நாட்டின் தலைமையமைச்சரே வானொலியில், அயல்நாடு சென்று மணவிழா நடத்துவது தேவைதானா, இந்திய மண்ணிலேயே நடத்தினால் பணம் இங்கேயே தங்குமே என்று கேட்டார். பணம் எந்த நாட்டுக் கல்லாப் பெட்டியில் விழவேண்டும் என்பதே அங்கு எழுந்த கேள்வி. அந்தப் பணம் யாருடைய பையிலிருந்து எடுக்கப்படுகிறது என்று கேட்பார் எவருமில்லை.

கோடீசுவரர் தம் பணத்தைக் கடலிலே கொட்டினாலும் எமக்குக் கவலையில்லை. ஆனால் அவர் வீட்டு விளக்கொளியைப் பார்த்து நம் வீட்டுக் கூரைக்குத் தீ வைத்துக்கொள்ளும் நடுத்தரக் குடும்பத்தான் இருக்கிறானே, அவனைப் பற்றித்தான் கவலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு நாள் விடுதி, விருந்தினர்க்கு அறைகள், 'மெகந்தி'க்கு ஒரு மாலை, 'சங்கீத்'துக்கு ஓர் இரவு என்று தமிழனுக்கு முன்னாளில் இல்லாத சடங்குகளை எல்லாம் வாடகைக்கு வாங்குகிறான். ஐயரின் சடங்கு வேண்டாம் என்று பேசிய நாக்கு, ஒளிப்படக்காரர் வகுத்த சடங்குக்கு மறுப்பேதும் சொல்வதில்லை. என் வகுப்பிலே நன்றாகப் படித்த மாணவி ஒருத்தி பாதியிலே நின்றுவிட்டாள். அக்காளின் திருமணக் கடனுக்கு வட்டி கட்டவே தந்தையின் சம்பளம் போதவில்லை. ஒருநாள் மேடைக்கு ஒரு பெண்ணின் கல்லூரிப் படிப்பு விலை!

இங்கே நண்பர் ஒருவர் மறுத்துரைக்கிறார்: "ஊரைக் கூட்டினால்தான் செலவு. வெளியூரிலே ஐம்பது பேரோடு முடித்துக்கொண்டால் சிக்கனமாயிற்றே? உறவினர்தாமே சாதியையும் சீர்வரிசையையும் சுமந்து வருகிறவர்? அவரை விட்டு விலகுவதும் சுயமரியாதைதானே?"

வாதம் வலுவானதுதான், ஏளனமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் ஐம்பது பேர் என்றால் எந்த ஐம்பது பேர்? அங்கேதான் அறக்கேள்வி தொடங்குகிறது. இடத்துக்குப் புனிதம் இல்லை என்பது நம் கொள்கை. மலையென்ன, மண்டபமென்ன, மாமரத்து நிழலென்ன! இடத்துக்கு அருள் இல்லையென்றால், இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலே எஞ்சி நிற்கும் பொருள்தான் யாது? யார் வர முடியும், யார் வர முடியாது என்பது ஒன்றே. இடத்தைக் குறிப்பவன் சாட்சிகளைக் குறிக்கிறான். விமானச் சீட்டு வாங்க வல்லவரே வரலாம் என்னும் இடத்திலே, மணமகளைத் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டு ஆயாவுக்கு இடமேது? சேரியிலே பிறந்து கூடப் படித்த தோழனுக்கு இடமேது? 'நெருங்கியவர் மட்டும்' என்ற பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது ஒரே சாதிக்காரர் பட்டியலாகவே இருக்கும்.

சட்டமும் இந்தக் கேள்வியோடு நெடுநாள் மல்லாடியிருக்கிறது. 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்திலே பெரியார் தலைமையில் புரோகிதரின்றி முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. ஊரார் பார்க்க நடந்த அந்த ஒப்பந்தத்தை ஊரார் ஏற்றனர். உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. தீ வலமும் ஏழடியும் இல்லாத மணம் செல்லாது என்று 1953இல் தீர்ப்பளித்தது. அறிஞர் அண்ணா ஆட்சிப் பொறுப்பேற்ற 1967இல்தான் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, முன்னர் நடந்த மணங்களுக்கும் சேர்த்து மதிப்பு வந்தது. அப்பிரிவு எவ்வளவு எளிமையானது தெரியுமா? உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், தமக்குப் புரியும் மொழியில், இவரை என் துணையாக ஏற்கிறேன் என்று சொன்னால் போதும். மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் போதும். ஆட்களைச் சொன்ன சட்டம் இடத்தைச் சொல்லவே இல்லை! கோவில் வேண்டும் என்றோ, மண்டபம் வேண்டும் என்றோ ஒரு சொல்கூட அதிலே கிடையாது.

பின்னர், வழக்கறிஞர் அறையிலே மறைவாக நடக்கும் மணம் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. குடும்பத்தின் எதிர்ப்புக்கு ஆளான இணையரை ஊரறிய அறிவித்துத்தான் மணக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் உயிருக்கே கேடு வரலாம் என்பதை அது உணர்ந்தது. சரியான தீர்ப்பு. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த இளைஞனை மனைவியின் கண்ணெதிரே வெட்டிச் சாய்த்தார்களே, அந்த நாட்டில் வாழ்கிறோம் நாம். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு அலுவலகத்துக்குப் போனாலோ, முப்பது நாள் அறிவிப்பு ஒட்டப்படும். சாதி வெறியனுக்கு அரசாங்கமே முகவரி கொடுப்பது போலன்றோ அது! முப்பது நாள் பொறுக்க முடியாதவர்தாம் மலையேறுகிறார்கள். அவர்களை 'ஓடிப் போனவர்கள்' என்று ஏசும் பகுத்தறிவாளன் தன் நாவை அடக்கிக்கொள்ளட்டும்.

மறைவு, உயிருக்கு அஞ்சுவோரின் உரிமை. அஞ்ச வேண்டாதவன் அதை அலங்காரமாக அணிவதைத்தான் குறை சொல்கிறேன். எவரும் எதிர்க்காத மணத்தை எட்டாத தீவிலே நடத்துகிறவன், ஊருக்குச் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் நழுவுகிறான். கலப்பு மணமாக இருந்தால் அந்த நழுவல் இன்னும் பெரிய இழப்பு. அச்சமில்லாத கலப்பு மணம் ஒன்று தாம்பரத்துத் தெருவிலே பந்தல் போட்டு, எல்லாத் தெருக்காரரையும் ஒரே பந்தியில் அமர்த்தி நடந்தால், அதைப் பார்த்து நெஞ்சுரம் பெறும் இளைஞர் எத்தனை பேர்!

சரி, உள்ளூரிலேயே நடத்துவோம் என்று மண்டபம் தேடினால் அங்கே வேறு வேடிக்கை. சாதிச் சங்கங்கள் கட்டிய மண்டபங்கள் நம் நகரங்களிலே எத்தனை! மேடையிலே பெரியார் படம், வாயிலிலே சாதிப் பெயர்ப் பலகை. இரண்டுக்கும் நடுவே நம் சீர்திருத்தத் தோழர் கைகூப்பி வரவேற்கிறார். "வாடகை குறைவு, அதனால்தான்" என்பார். வாடகைதான் கவலை என்றால் வழி இருக்கிறது. பஞ்சாங்கம் தள்ளிவைத்த ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. ஆடியிலே மணந்தால் சித்திரையிலே பிள்ளை பிறக்கும் என்று அஞ்சுகிறவர் அஞ்சட்டும். சித்திரையில் பிறந்தவர்கள் நம்மிடையே நன்றாகத்தான் வாழ்கிறார்கள்! தையிலே ஒரே நாளுக்குப் பத்துக் குடும்பங்கள் மோதிக்கொண்டு வாடகையை ஏற்றுவதைப் பார்த்தபின்னும், இராகு காலத்தை நம்பாதவன் முகூர்த்த நாளுக்கு முன்பணம் கட்டுவானேன்?

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மணமும் 90 நாளுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். மலையிலே மணந்த இணையும் அலுவலகப் படியேறத்தான் வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணப்போருக்கோ மூன்று சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். பெற்றோர் வாராத இடத்தில் அந்த மூவரைத் தேடி இணையர் அலைகின்றனர். நம் மன்றங்களிலே மாதந்தோறும் கூட்டம் போடுகிறோம், தீர்மானம் நிறைவேற்றுகிறோம். சாட்சிக் கையொப்பத்துக்கு வரத் தயாராயிருப்போரின் பெயர்களை எழுதி மன்றத்துக் கதவிலே ஒட்டி வைக்க ஒரு தாள் போதும். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். சனிக்கிழமையும் விடுமுறை நாளும் எனக்கு ஓய்வு.