நுண்ணுயிரும் மனிதக் கடமையும்

கழிவு பற்றிய நமது அறநெறி, அழுகும் பொருள்களின் அனுபவத்திலிருந்து பிறந்தது. சாணமும் சருகும் எருவாகின்றன. இறந்த உடல் மண்ணோடு மண்ணாகின்றது. வேண்டாததை ஒதுக்கிவைத்துப் பொறுத்திருந்தால் காலம் அதனைத் தூய்மை செய்துவிடும் என்ற எண்ணம், உழவர் சமுதாயத்தைப் பொறுத்தவரை பொய்யன்று. ஆனால் ஈயமும் கட்மியமும் ஆசனிக்கும் இவ்வொழுங்கிற்குக் கட்டுப்படுவதில்லை. அவை மூலகங்கள். எரித்தாலும் கரைத்தாலும் புதைத்தாலும் அவை இடம் மாறும், சேர்க்கை மாறும்; இல்லாமற் போவதில்லை. கடலிற் கரைத்த பெருங்காயம் என்று கையை உதறிவிடவும் இயலாது. சிப்பியும் நெல்லும் அவற்றைத் திரட்டி மீண்டும் மனிதனிடமே கொண்டுவந்து சேர்க்கின்றன. யப்பானின் ஜின்சூ ஆற்றங்கரையில், கமியோக்காச் சுரங்கத்துக் கட்மியம் சோற்றின் வழியே உடலிற் புகுந்து எலும்பை முறித்த நோயை, அந்நாட்டு அரசு 1968ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. இத்தகைய பொருளைப் பூமியின் ஆழத்திலிருந்து கிண்டியெடுத்தவன் அதற்கு எவ்வளவு காலம் பொறுப்பாளி?

இவ்வினாவுக்கு விடைபோல இன்று ஒரு நற்செய்தி எடுத்துரைக்கப்படுகின்றது. சுரங்கக் கழிவின் நஞ்சை நுண்ணுயிர்களையும் நாணலையும் புல்லையும் கொண்டே அடக்கலாம் என்பதே அது. செய்தி உண்மைதான். ஆயினும், "இயற்கை தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்ளும்" என்ற வாக்கியம் அதனுடன் ஒட்டிக்கொண்டு வரும்போது நாம் சற்று விழிப்பாயிருத்தல் வேண்டும். அவ்வாக்கியத்தில் எழுவாயாக நிற்பது இயற்கை; புண்ணை உண்டாக்கியவனுக்கு அதில் இடமேயில்லை.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கோர்ன்வாலை எடுத்துக்கொள்வோம். பல நூற்றாண்டுகளாக வெள்ளீயமும் செம்பும் அகழப்பட்ட நிலம் அது. 1985 ஒக்டோபரிற் சர்வதேச வெள்ளீயச் சபை பணமின்றி முறிந்தபோது உலகச் சந்தையில் வெள்ளீயத்தின் விலை சரிந்தது. அச்சரிவிலிருந்து மீளாத சுரங்கங்களுள் ஒன்றான வீல் ஜேன், 1991 மார்ச்சில் மூடப்பட்டது. நீரிறைக்கும் பம்பிகளும் நின்றன. ஆழத்திலிருந்து நீர் மெல்ல மெல்ல ஏறிற்று. 1992 ஜனவரி 13ஆம் நாள், பழைய நீர்வாய் ஒன்றின் அடைப்பு உடைந்து, ஏறத்தாழ ஐந்து கோடி லீற்றர் அமில நீர் கார்னன் ஆற்றிற் பாய்ந்தது. இரும்பும் துத்தநாகமும் கட்மியமும் ஆசனிக்கும் கலந்த அந்நீர், பல்மத் துறைமுகத்துக்கு மேலுள்ள கழிமுகத்தைச் செம்மஞ்சள் நிறமாக்கிற்று. வேலையைப் பறித்துப் பத்து மாதங்களுக்குள், சுரங்கம் அவ்வூர் மக்களின் ஆற்றையும் பறித்துக்கொண்டது.

அந்த அமிலம் எங்கிருந்து வந்தது? இங்கே ஒரு முரண் இருக்கின்றது. இயற்கையைத் தாயாகவோ வைத்தியராகவோ மட்டும் காண விரும்புவோர் இதனைக் கவனித்தல் நன்று. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைற்றுக் கல், காற்றும் நீரும் எட்டாத ஆழத்திற் கோடிக்கணக்கான ஆண்டுகள் அசையாது கிடக்கும். மனிதன் அதனை உடைத்துத் திறந்துவிட்டால் ஒட்சிசன் பட்டுக் கந்தகவமிலம் உண்டாகின்றது. அவ்வமிலம் ஏனைய உலோகங்களைக் கரைக்கின்றது. தனியே விட்டால் இது மிக மந்தமான செயல். அதனை விரைவுபடுத்துவது ஒரு பற்றீரியா. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்து நிலக்கரிச் சுரங்க நீரில் நுண்ணுயிர்களே அமிலத்தை விளைவிக்கின்றன என்பதை, கோல்மர், ஹிங்கிள் என்ற இரு ஆய்வாளர் 1947இல் வெளிப்படுத்தினர். கரைந்த இரும்பு ஒட்சியேறும் வேகத்தை இவ்வுயிர்கள் ஏறக்குறைய பத்து இலட்சம் மடங்கு பெருக்கக்கூடியன என்று பின்னர் அறியப்பட்டது. ஆகவே, நஞ்சு பரவுவதிலும் உயிர் இருக்கின்றது. நஞ்சை அடக்குவதிலும் உயிர் இருக்கின்றது. உயிர் எவர் பக்கமும் சார்வதில்லை. எந்த உயிருக்கு எங்கே வாய்ப்பளிப்பது என்பதைத் தீர்மானிப்பவன் மனிதனே.

அடக்கும் வகை இது. ஒட்சிசன் புகாத சேற்றில் வாழும் வேறொரு பற்றீரியா இனம், நீரிற் கரைந்துள்ள சல்பேற்றைச் சல்பைட்டாக மாற்றுகின்றது. சல்பைட்டு, கட்மியத்தையும் துத்தநாகத்தையும் செம்பையும் பற்றிக்கொண்டு கரையாத பொடியாய்ப் படிகின்றது. பாறையில் எந்தச் சேர்க்கையாய் இருந்ததோ, உலோகம் ஏறத்தாழ அந்தச் சேர்க்கைக்கே திரும்பிவிடுகின்றது! வீல் ஜேனில் 1994ஆம் ஆண்டிலே இதற்கெனச் சோதனைப் படுகைகள் அமைக்கப்பட்டன. முதலில் நாணற் படுகை. அங்கே இரும்பும் ஆசனிக்கும் தங்கின. அடுத்து, காற்றுப் புகாத மூடிய படுகை. பற்றீரியாக்களின் பணி அங்கே. இறுதியில், பாசி படர்ந்த கற்படுகை, மங்கனீசுக்காக.

கூலி கேளாத தொழிலாளி, சங்கம் அமைக்காத தொழிலாளி என்று முதலாளி இப்பற்றீரியாவைப் பார்த்து மகிழக்கூடும். ஆனால் அதற்கும் சோறு போட்டேயாக வேண்டும். மரத்தூளோ வைக்கோலோ சாணமோ இல்லாவிட்டால் அது பணிசெய்யாது. இட்டது தீர்ந்தாற் புதிதாய் இடவேண்டும். படுகை வறண்டு காற்றுப் புகுந்துவிட்டாலோ, படிந்த சல்பைட்டு மீண்டும் கரையத் தொடங்கும். உலோகத்தை உயிர் விழுங்கி ஒழித்துவிடுவதில்லை, பிடித்து வைத்திருக்கின்றது. பிடித்து வைத்திருப்பவனுக்குத் துணையாக ஒருவன் நின்றுகொண்டேயிருத்தல் அவசியம். உயிர்முறை மலிவானது என்று சொல்லப்படும்போது, இந்தக் காவலின் கூலி கணக்கிற் சேர்க்கப்பட்டுள்ளதா என்பதை நான் முதலிற் பார்க்க விரும்புவேன்.

இவ்விடத்தில் நெதர்லாந்தின் பூடல் என்னும் ஊரை ஒப்புநோக்கலாம். அங்குள்ள துத்தநாக ஆலையின் நிலத்தடி நீர், நீண்டகால உற்பத்தியினால் மாசடைந்திருந்தது. 1992 முதல் அந்நீர் பெரிய கலங்களுக்குள் இறைக்கப்பட்டு, சல்பேற்றை மாற்றும் அதே வகைப் பற்றீரியாக்களிடம் விடப்பட்டது. படிந்த துத்தநாகச் சல்பைட்டு ஆலையின் உலைக்கே திரும்பிச் சென்றது. நுண்ணுயிர் இரண்டு ஊர்களிலும் ஒரே வகையது, விஞ்ஞானமும் ஒன்றே. பூடலில் ஆலை இயங்கிக்கொண்டிருந்தது, உடைமையாளன் இருந்தான், மீட்ட உலோகத்துக்கு விலை இருந்தது. கோர்ன்வாலில் இலாபம் வற்றியதும் உடைமை கலைந்தது. எஞ்சியது நீர் மட்டுமே.

உயிர்கள் பழகிக்கொள்ளும் என்ற வாதமும் சில வேளைகளில் எழுப்பப்படுகின்றது. வேல்சு நாட்டின் பழைய ஈயச் சுரங்க மேடுகளில் ஈயத்தையும் துத்தநாகத்தையும் தாங்கும் புல் வளர்வதை அந்தனி பிராட்சோ என்ற தாவரவியலாளர் 1952இல் அறிவித்தார். அத்தகைய புல்லினங்களைப் பின்னர் விதைத்துக் கழிவுமேடுகளைப் பசுமையாக்கினர். மண் காற்றிற் பறப்பது குறைந்தது. நல்ல காரியமே. ஆனால் அப்புல் எவ்வாறு "பழகிற்று" என்று ஆசிரியர்கள் வகுப்பிற் சொல்லும்போது முழுவதையும் சொல்லவேண்டும். சாதாரணப் புல்லின் விதையை அம்மண்ணில் இட்டால் ஆயிரத்தில் ஓரிரண்டே தப்பிப் பிழைக்கும், மற்றவை மடியும். இறந்தவற்றின் எண்ணிக்கையே அங்கே பழக்கம் என்று பெயர் பெறுகின்றது. சுரங்கத்தருகே வாழும் சிறுவரைப் பற்றிப் பேசுகையிலும் இதே சொல்லை நாவிற் கொள்வோர் இருக்கிறார்கள்.

வீல் ஜேனின் நாணற் படுகைகள் நிலைபெறவில்லை. அந்நீர் முழுவதையும் கையாள வேண்டிய அளவுக்கு அப்பள்ளத்தாக்கில் இடமில்லை. 2000ஆம் ஆண்டிற் சுண்ணாம்பு கலந்து உலோகத்தைப் படியவைக்கும் நிலையம் அங்கே இயங்கத் தொடங்கிற்று. சோதனையைத் தோல்வி என்று எள்ளுவது தவறு. எந்த உலோகம் எந்தப் படுகையில் எவ்வாறு தங்குகின்றது என்பதை அது கற்பித்தது, சிறிய நீரோட்டங்களுக்கு அப்பாடம் பயன்படும். விஞ்ஞானிகள் தம் கடனைச் செய்தார்கள். சட்டமோ வேறு கதை. கைவிடப்பட்ட சுரங்கத்திலிருந்து நீர் வெளியேற இடமளித்தவன் குற்றவாளியாகான் என்று 1991ஆம் ஆண்டின் நீர்வளச் சட்டம் விலக்களித்திருந்தது. அவ்விலக்கு பின்னர் நீக்கப்பட்டது. எனினும் 1999 டிசெம்பர் 31ஆம் நாளுக்குப் பின் கைவிடப்படும் சுரங்கங்களுக்கே அந்நீக்கம் பொருந்தும். அதற்கு முன்னர் கைவிட்டவர்கள் அனைவரும் அந்தத் திகதிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டனர்.

சுண்ணாம்பிற் படிந்த சேறு, முன்பு சுரங்கம் தன் கழிவைக் கொட்டிய அதே பள்ளத்தாக்கு அணைக்குள் சென்று சேர்கின்றது. 1991இல் நின்றுபோன பம்பிகளின் இடத்தில் வேறு பம்பிகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றை ஓட்டுவது பொதுப் பணம்.