குடமும் முடியும் பொன்னும்



பொற்குடத்தை உருக்கி முடி செய்கிறான் தட்டான். குடம் வேண்டியவன் வருந்துகிறான். முடி வேண்டியவன் மகிழ்கிறான். பொன் வேண்டியவன் நடுநிலையில் நிற்கிறான். பொருளின் தோற்றம், கேடு, நிலைபேறு ஆகிய மூன்றையும் சமந்தபத்திர ஆச்சாரியர் ஆப்தமீமாம்சையில் இவ்வாறு விளக்கியருளினார். வருந்துபவனை அவர் கடியவில்லை. மூவர் உணர்வுக்கும் காரணம் உண்டென்றே உரைத்தார்.

1990களில் அச்சகங்களுள் கணினி நுழைந்தபோது, ஈய எழுத்துகளைக் கோத்து வாழ்ந்தவர் பலர் நாற்பதைக் கடந்திருந்தனர். பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய காலம்! விரல்கள் நன்கறிந்த எழுத்துப் பெட்டியே அவர்தம் குடம். (அந்த ஈயமும் மெய்யாகவே உருகிற்று.) ஆயின் சந்திப்பிழை காணும் கண்ணும், வரியை அளவாக நிறுத்தும் அறிவும் பொன்னல்லவோ? விசைப்பலகை பயின்றோர்க்கு அவை அங்கும் உதவின.

இன்று செயற்கை நுண்ணறிவைக் கண்டு கலங்கும் கணக்கர்க்கும் எழுத்தர்க்கும் பயிலத் தடையாவது யாது? வயதன்று, அறிதல் உயிரின் குணமாதலின் அஃது ஐம்பதிலும் நீங்காது. இளையவனிடம் வினவக் கூசுதலே பெருந்தடை. அதே ஆச்சாரியர் இரத்தினகரண்டகத்தில் எண்வகைச் செருக்கை எண்ணுங்கால் அறிவுச் செருக்கையே முதலில் வைத்தார். நம் அருங்கலச்செப்பு அந்நூல்வழி வந்ததே.

ஆதலின், இன்று சாமாயிகம் முடிந்தபின் தம் தொழிலில் குடம் எது, பொன் எது எனப் பிரித்துப் பாருங்கள். பின்னர், அறிந்த பிள்ளையொருவனை அழைத்து அருகே அமர்த்திக்கொள்ளுங்கள்.