எத்தனை காலமாய்?



சிறை ஊழியத்தைக் குறித்து நான் பிரசங்கித்த ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லாரும் போகும்வரை நம் சபையின் மூத்த சகோதரி ஒருவர் காத்திருந்தார். அவருடைய தம்பி பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்னத் தகராறிலே குத்திக் கொல்லப்பட்டவர். "பாஸ்டர், குத்தினவனுக்குச் சின்ன வயசுல காயம், அதுக்கு மருந்து போடணும்னு சொல்றீங்க. சரி. எங்க வீட்டுல விழுந்த குத்துக்கு யாரு மருந்து போட்டா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. "ஜெபம் பண்ணுவோம்க்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அன்று நான் பிரசங்கத்தில் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்ற ஊரில் பலத்த காவலுள்ள ஒரு சிறைச்சாலை இருக்கிறது. அங்கே எடுத்த ஒரு குறும்படம் 2020-ல் வெளிவந்தது. பிரிட்ஸி ஹார்ஸ்ட்மன் என்கிற சகோதரி ஆரம்பித்த ஒரு சிறைப்பணி இயக்கத்தின் படம் அது. சிறை மைதானத்தில் நீலச் சீருடையில் 235 ஆண்கள் ஒரு பெரிய வட்டத்தைச் சுற்றி நிற்கிறார்கள். சிறு வயதில் வீட்டில் அடிபட்டீர்களா, அவமானப்படுத்தப்பட்டீர்களா என்று ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கக் கேட்க, "ஆமாம்" என்கிறவர்கள் வட்டத்துக்குள்ளே ஒரு எட்டு எடுத்து வைக்கிறார்கள். பார்க்கப் பார்க்க வட்டம் நிரம்பிவிடுகிறது.

நம் வாலிபர் ஒருவர் இதைச் செல்போனில் காட்டியபோது என் மனதில் முதலில் வந்தது இரக்கம் அல்ல. "ஆரம்பிச்சிட்டாங்கப்பா, குற்றவாளிக்கு வக்காலத்து" என்றுதான் நினைத்தேன். உண்மையை மறைப்பானேன்?

ஆனால் இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். சான் டியாகோ நகரில் டாக்டர் வின்சென்ட் பெலிட்டியும் டாக்டர் ராபர்ட் ஆண்டாவும் 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் அதிகமானோரிடம் அவர்களுடைய பிள்ளைப் பிராயத்தைப் பற்றி விசாரித்தார்கள். அவர்கள் கைதிகளல்ல, உடல் பரிசோதனைக்கு வந்த சாதாரண ஜனங்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு ஒரு காயமாவது இருந்தது. காயங்களின் எண்ணிக்கை கூடக்கூட குடி, போதை, தற்கொலை முயற்சி எல்லாம் கூடிக்கொண்டே போனது. முதல் அறிக்கை 1998-ல் வெளிவந்தது. ட்ராமா என்று அவர்கள் சொல்வதை நாம் உள்காயம் என்போம். எந்நேரமும் பயத்திலே வளருகிற பிள்ளையின் சரீரம், எப்போது அடி விழுமோ என்று விறைத்தபடியே பழகிவிடுகிறது. பெரியவனானபின் ஒருவன் குரலை உயர்த்தினால் போதும், யோசிக்கிறதற்கு முன்னே கை ஓங்கிவிடுகிறது.

தேவபிள்ளையே, மாற்கு 9-ம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். பிசாசின் பிடியில் இருந்த ஒரு மகனைத் தகப்பன் கொண்டுவருகிறான். சீஷர்களால் துரத்த முடியவில்லை. இயேசுவோ அதட்டுவதற்கு முன்னே தகப்பனிடம் ஒரு கேள்வி கேட்டார்: இது இவனுக்கு வந்து எத்தனை காலமாயிற்று? சிறு பிராயத்திலிருந்தே என்று தகப்பன் சொன்னான். தீயிலும் தண்ணீரிலும் அது அவனைத் தள்ளியதையும் சொன்னான். சகலத்தையும் அறிந்தவருக்கு அந்தக் கேள்வி எதற்கு? தகப்பன் வாயைத் திறந்து சொல்லட்டும் என்று கேட்டார் என்றே நான் நம்புகிறேன். நாமோ ஆளைக் கண்டதும் தலையிலே கை வைத்துச் சத்தம் போட்டுவிடுகிறோம். எத்தனை காலமாய் என்று கேட்கிறதில்லை.

"அப்படியானால் பாவம் பாவமில்லையா, பாஸ்டர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இஸ்ரவேலரும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்: தின்றது அப்பன், பல் கூசுவது பிள்ளைக்கு! எசேக்கியேல் 18-ம் அதிகாரத்தில் கர்த்தர் அந்தப் பழமொழியை இனிச் சொல்லவே கூடாது என்று கண்டித்தார். அவனவன் செய்ததற்கு அவனவனே கணக்குக் கொடுக்க வேண்டும். காயப்பட்டவர்கள் எல்லாரும் கத்தி எடுக்கிறதில்லையே! அந்தச் சகோதரியும் காயப்பட்டவர்தான். அவர் யாரையும் குத்தவில்லை. ஆனால் அதே அதிகாரத்தில், துன்மார்க்கன் சாவதில் தமக்குப் பிரியமில்லை, அவன் திரும்பிப் பிழைக்க வேண்டும் என்றும் கர்த்தர் சொல்லுகிறார். திரும்ப வேண்டியவன் எப்படித் திரும்புவான்? அதுதான் காரியம்.

ஆப்பிரிக்காவில் யுத்தத்தால் நொறுங்கிப்போன சபைகளுக்காக வேத வசனத்தின் அடிப்படையில் எழுதப்பட்டு 2004-ல் வெளிவந்த பாடம் ஒன்று உண்டு. இருதயத்தின் காயம் என்றால் என்ன என்று அது கற்றுக்கொடுக்கிறது. அமெரிக்க வேதாகமச் சங்கம் அதைச் சிறைச்சாலைகளுக்குள்ளும் கொண்டுபோனது. கைதிகள் சின்னக் குழுக்களாக உட்கார்ந்து, சங்கீதக்காரனைப் போல தங்கள் புலம்பலைத் தாங்களே எழுதுகிறார்கள். தங்கள் வேதனையைக் காகிதத்தில் எழுதிச் சிலுவையண்டை கொண்டுவந்து வைக்கிறார்கள். மன்னிப்பைப் பற்றிய பாடம் அதற்குப் பிறகுதான் வருகிறது. விர்ஜீனியாவில் ரிவர்சைட் சிறையில் இந்தப் பாடத்தில் கலந்துகொண்டவர்களை பெய்லர் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். அவர்களிடத்தில் பழிவாங்கும் எண்ணம் குறைந்ததையும், மன்னிக்கும் மனமும் இரக்கமும் கூடியதையும் கண்டார்கள்.

இது ஏன் என்று நான் யோசித்துப் பார்த்தேன். தன் வலி தெரியாதபடி மரத்துப்போனவனுக்குப் பிறத்தியார் வலியும் தெரியாது. "உன்னாலே ஒரு அக்கா தம்பியை இழந்து அழுகிறாள்" என்று அவனிடம் நூறு தரம் சொன்னாலும் காதிலே விழும், இருதயத்திலே விழாது. அடிபட்ட அந்தச் சின்னப் பையனுக்காக அவன் ஒருதரம் அழுதுவிட்டால், தான் அடித்தவர்களுக்காகவும் அழ வழி திறக்கும். உள்காயத்துக்குக் கட்டுப்போடுவது தண்டனையைக் குறைக்கிறதற்காக அல்ல. அவன் தன் பாவத்தின் பாரத்தைத் தானே உணருகிறதற்காக. சகேயுவின் வீட்டுக்கு ஆண்டவர் போனார், அதற்குப் பிறகுதான் நாலத்தனை திருப்பிக் கொடுக்கிறேன் என்கிற பேச்சு வந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டேன். ஆனாலும் அந்தச் சகோதரியின் கேள்வி அப்படியே நிற்கிறது. யாரு மருந்து போட்டா?

பிரியமானவர்களே, நான் அறிக்கை செய்கிறேன். பதினொரு வருஷமாக அவருக்கு நான் சொன்னதெல்லாம் "மன்னிச்சிடுங்கக்கா, கர்த்தர் பார்த்துக்குவார்" என்பதுதான். கைதிக்குக் கேட்க நினைத்த கேள்வியை, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவரிடம் நான் கேட்கவேயில்லை. மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனேன். வேதத்தைத் திறக்கவில்லை. "அக்கா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றேன். இரண்டு மணி நேரம் சொன்னார். தம்பியின் சட்டையை இன்னும் துவைக்காமல் வைத்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவர் மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, "இப்படி யாரும் கேக்கல பாஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

சிறைக்குப் போகிற பாரத்தைக் கர்த்தர் நம் வாலிபர்களுக்குக் கொடுத்திருக்கிறார். போவோம். கைப்பிரதியோடு காதையும் கொண்டுபோவோம். ஆனால் போகிறதற்கு முன்னே, நம் பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டிப் பாடுகிறவரிடம் இந்த வாரம் ஒருதரம் கேட்போம்: உங்களுக்கு இது எத்தனை காலமாய்? எழுப்புதல் மேடையிலிருந்துதான் வரும் என்று காத்திருக்கிறோம். ஒரு வீட்டுத் திண்ணையில் அழுகிறவரோடு உட்காருகிறபோதும் அது ஆரம்பிக்கலாம்.

நொறுங்குண்டவர்களைக் கட்டுகிற கர்த்தர் சிறையின் உள்ளேயும் வெளியேயும் இருக்கிற நம் யாவரையும் குணமாக்குவாராக. ஆமென். அல்லேலூயா!