குறையாத பொருளைக் கொடுத்தால் குற்றமா?

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹவுளருகே அமர்ந்திருந்தேன். மஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் வந்து ஸலாம் சொன்னார்.

"ஹஜ்ரத்! ஒரு மஸ்அலா கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் இன்டர்நெட் இருக்கிறது. பணம் கட்டுவது வாப்பா. பக்கத்து வீட்டு மாமி கணவரை இழந்தவர்கள். அவர்கள் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் பாடம் பார்ப்பதற்காக எங்கள் வைஃபையின் கடவுச்சொல்லை மாமி உம்மாவிடம் கேட்டார்கள். சுவருக்கு அப்பாலும் சிக்னல் கிடைக்கிறது. கொடுத்தால் எங்களுக்கு ஒன்றும் குறையப் போவதில்லை. ஆனால் கம்பெனியின் ஒப்பந்தத்தில், இணைப்பு இந்த வீட்டாருக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது. கொடுக்கலாமா?"

உடனே பதில் சொல்ல நா எழவில்லை. ஒரு பக்கம் அண்டை வீட்டாரின் உரிமை; மறு பக்கம் கொடுத்த வாக்கு. இரண்டும் மார்க்கம்தான். ஒரு பொருளைச் சரியாகப் புரிந்துகொண்ட பிறகே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது மத்ரஸாவில் நாங்கள் ஓதிய விதி. ஆகவே இத்தொழில் தெரிந்த நண்பர் ஒருவரிடம் போய், வீட்டுக்குள் இந்த இணைப்பு எப்படிப் பங்கிடப்படுகிறது என்று கேட்டறிந்தேன்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-இல். அன்று ஒரு டெலிபோன் கம்பி, ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். 1999-இல் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில், ஒரு கம்ப்யூட்டருக்கு வந்த இணைப்பை வீட்டிலுள்ள மற்றக் கம்ப்யூட்டர்களுக்கும் பகிரும் வசதி சேர்க்கப்பட்டது. இன்று அந்த வேலையை ரௌட்டர் என்னும் சிறு பெட்டி செய்கிறது. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் அது ஓர் உள் எண்ணைக் கொடுக்கிறது; பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண். ஆனால் இந்த எண்கள் வாசற்படியைத் தாண்டுவதில்லை. பொதுவாக வெளியுலகம் காண்பது, கம்பெனி அந்த வீட்டுக்குக் கொடுத்த ஒரே எண்ணைத்தான். தபால்காரர் வீட்டு விலாசத்தில் கடிதங்களைப் போட்டுச் செல்ல, வீட்டுப் பெரியவர் யாருக்கு எது என்று பார்த்து அறை அறையாகக் கொடுப்பதைப் போன்றது இது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கின.

முதலாவது, 'குறையாது' என்பது சரியல்ல. 30 மெகாபிட் வேகம் என்றால் அது வீடு முழுவதற்கும்தான். ஆளுக்கு 30 அல்ல. மூத்தவன் பெரிய படங்களை இறக்கிக் கொண்டிருந்தால் தங்கையின் பாடம் நின்று நின்று வரும். வெளிநாட்டிலிருக்கும் மகனோடு உம்மா பேசுவது பாதியில் அறுந்து போகும். வீட்டுக்கு வெளியிலும் இதே கதைதான். இன்று பரவலாக உள்ள கண்ணாடி இழை முறை ஒன்றில், தெருவுக்கு வரும் ஓர் இழையின் சுமார் 2.5 கிகாபிட் வேகத்தை 32 அல்லது 64 வீடுகள் வரை பங்கிட்டுக் கொள்கின்றன. நாம் அறியாமலே அண்டை வீட்டாரோடு ஏற்கனவே பங்காளிகளாக இருக்கிறோம்!

கூடி அமர்ந்து பேரீச்சம்பழம் உண்ணும்போது, உடனிருப்போரின் அனுமதியின்றி இரண்டிரண்டாக எடுத்து உண்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இருக்கிறது. பொதுவில் வைக்கப்பட்ட பொருளில் ஒருவரது அவசரம் மற்றவரின் பங்கைத் தின்றுவிடக் கூடாது என்ற பாடத்தைப் பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா?

இரண்டாவது உண்மை இதைவிடக் கனமானது. இணைப்பைப் பகிர்வது பெயரைப் பகிர்வதாகும். உள்ளே யார் எதைச் செய்தாலும் வெளியே அது வீட்டுக்காரரின் எண்ணிலேயே பதிவாகும். 2008 ஜூலை 26 அன்று அஹ்மதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பப்பட்டது. நவி மும்பையில் குடியிருந்த ஒரு வெளிநாட்டவரின் வீட்டு எண்ணை அது காட்டியது. காவல்துறையினர் அவர் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். அவருடைய பூட்டப்படாத வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள் என்பது பின்னர்தான் தெரிந்தது. கதவைத் திறந்து வைத்தது ஒருவர். புகுந்து போனது வேறொருவர். பதில் சொல்ல வேண்டியிருந்தது திறந்து வைத்தவர்!

அப்படியானால் கதவை அடைத்துவிட வேண்டியதுதானா? இல்லை. அல்மாஊன் அத்தியாயம், அற்பப் புழங்கு பொருளைக் கூடக் கொடுக்க மறுப்போரைக் கண்டித்து முடிகிறது. வாளி, சட்டி, கோடரி போன்றவை என்று அதற்கு விளக்கம் சொல்லப்பட்டிருக்கிறது. குழம்பில் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்குக் கொடுக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். மாமியின் தேவை உண்மையான தேவை. அதைப் புறக்கணித்துவிட்டு, 'ஒப்பந்தம்' என்று சொல்லித் தப்பித்துக் கொள்வது பேணுதல் ஆகாது.

ஆனால் எதைக் கொடுக்கிறோம்? வாளி நம்முடையது, குழம்பும் நம்முடையது. விருந்துக்குப் போனவர் தமக்கு வைக்கப்பட்டதை வயிறார உண்ணலாம். ஆனால் வீட்டுக்காரரின் சம்மதம் அறியாமல் அதில் ஒரு பிடியை எடுத்து வாசலில் நிற்கும் ஏழைக்குக் கொடுக்கக் கூடாது என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. அவருக்குக் கிடைத்தது உண்ணும் அனுமதி. உணவின் உடைமை அல்ல. நம் இளைஞரின் நிலையும் இதுவே. இணைப்பு கம்பெனியினுடையது, பயன்படுத்தும் உரிமையை வாங்கியவர் வாப்பா, மகன் விருந்தாளி. ஒப்புக்கொண்ட நிபந்தனைக்கு முஸ்லிம் கட்டுப்பட்டவன் என்பதும் நபிமொழி. அனுமதியில்லாமல் கொடுப்பதே இப்படியென்றால், அண்டை வீட்டாரின் கடவுச்சொல்லை அவரறியாமல் தெரிந்துகொண்டு பயன்படுத்துவதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டுமா?

மறுநாள் இளைஞர் வந்தார். சொன்னேன்:

"தம்பி! முதலில் வாப்பாவிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். அவர்களும் அனுமதித்தால் தாராளமாகக் கொடுங்கள். அனுமதிக்காவிட்டால், அந்தப் பெண் மாலையில் உங்கள் உம்மாவோடு இருந்து படித்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளி சிறிது நேரம் பயன்படுத்துவது எங்கும் உள்ள வழக்கம். இதையெல்லாம்விட மேலான வழி, மாமியின் பெயரிலேயே ஓர் இணைப்பு வாங்கிக் கொடுப்பது. மதீனாவில் மக்கள் தண்ணீருக்குத் தவித்தபோது உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமா கிணற்றைத் தம் பணத்தில் விலைக்கு வாங்கியல்லவா பொதுவாக்கினார்கள்?"

இளைஞர் சிறிது தயங்கினார். "அதற்குச் செலவாகுமே, ஹஜ்ரத்!"

"ஆகும். கடவுச்சொல்லைக் கொடுப்பது உங்களுக்கு எளிதாகத் தோன்றியது, அதில் உங்கள் செலவு எதுவும் இல்லாததால்தான். நமக்குச் செலவில்லாத தர்மம், பல வேளைகளில் வேறொருவரின் செலவில் நடப்பதாகவே இருக்கும்."

அவர் பதில் பேசாமல் எழுந்து போனார். மனத்தை வருத்திவிட்டோமோ என்று எனக்கும் உறுத்தலாகவே இருந்தது.

அடுத்த ஜும்ஆவுக்குப் பின் அவரே தேடி வந்தார். கம்பெனி மறுத்துவிட்டதாம். அந்தப் பெண் இப்போது அவர் உம்மாவோடு அமர்ந்து படிக்கிறாளாம். அடுத்த மாதம் மாமியின் பெயரில் இணைப்பு வருகிறது. கட்டணத்தில் பாதி வாப்பா; கால் பங்கு இளைஞர். மீதிக் கால் பங்கைத் தாமே கட்டுவதாக மாமி பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்களாம்.

கொடுத்த வாக்கையும் அண்டை வீட்டாரின் உரிமையையும் ஒருசேரப் பேணும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.