வழிப்போக்கரின் பங்கு

மானகிரியிலும் காரைக்குடியைச் சூழ்ந்த பிற ஊர்களிலும், கடல் கடந்து ஈட்டிய பொருளால் எழுந்த பெருவீடுகளைக் கண்டு பழகியவர்கள் நாம். பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல் பதித்த தளங்களும் கொண்ட அவற்றுட் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலராகிவிட்டனர். பழுது பார்க்கவும் ஒருமித்த கருத்து வேண்டும், விற்கவும் வேண்டும். கட்டியவர் தம் வழித்தோன்றல்களுக்கென்றே கட்டினார். அவர்கள் பெருகியதே வீட்டுக்கு வினையாயிற்று. பிரித்தெடுத்த தூண்களும் கதவு நிலைகளும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைக்கு நிற்கின்றன.

அப்பொருள் ஈட்டப்பட்ட நகரங்களுள் ஒன்று சிங்கப்பூர். அங்கே நம் முன்னோர் எழுப்பியவை என்னவாயின? அந்நகரைக் காணச் செல்லும் முஸ்லிம் குடும்பங்கள் பலவும் இக்கேள்வியுடனேயே டெலோக் ஆயர் தெருவுக்குச் செல்கின்றன. நாமும் அவ்வாறே சென்றோம்.

சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களை அந்நாட்டார் 'சூலியா' என்றனர். வணிகர், நாணயம் மாற்றுவோர், படகோட்டிகள், சுமை தூக்குவோர் எனப் பல தொழிலினரும் அவர்களுள் இருந்தனர். 1822-இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டத்திலேயே 'சூலியா கம்போங்' என அவர்களுக்கு ஓரிடம் குறிக்கப்பட்டது. 1826-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் தோன்றியது. மறு ஆண்டு டெலோக் ஆயரில் ஓலைக் குடிசையாக ஒரு தொழுமிடம் எழுந்தது. அல் அப்ரார் என்னும் பெயருடைய அதற்குக் 'குச்சுப் பள்ளி' என்பதே மக்கள் இட்ட பெயர். 1850-களில் அது கற்கட்டடமாயிற்று. பெயர் மட்டும் குச்சிலேயே நின்றுவிட்டது! அதே தெருவில், 1828-க்கும் 1830-க்கும் இடையே, நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் நினைவாக ஒரு தர்கா எழுந்தது. அதில் அடக்கம் இல்லை. அன்று கடல் அத்தெருவின் ஓரம் வரை இருந்தது. கரையிறங்கியவர் கண்ணில் முதலில் படுபவற்றுள் ஒன்று அது. பின்னர்க் கடல் தூர்க்கப்பட்டு, கரை வெகுதூரம் விலகிற்று.

இன்று அப்பகுதியில் வானளாவும் வங்கிக் கட்டடங்களையே காண்கிறோம். சூலியர் குடியிருப்பு இல்லை. சூலியா தெரு என்ற பெயர்ப்பலகை உண்டு. அருகே, செட்டித் தெரு எனத் தமிழர் வழங்கிய மார்க்கெட் தெருவில் இருந்த நகரத்தாரின் கிட்டங்கிகளும் நகரச் சீரமைப்பில் மறைந்தன. அவர்களே 1859-இல் எழுப்பிய டேங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயிலோ நிற்கிறது. ஆகவே இது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய செய்தியன்று. தமக்கென வைத்திருந்தவை போயின. எவரும் தமதென்று சொல்ல இயலாதபடி விட்டுச் சென்றவை நின்றன.

வக்ஃபு என்பதன் உட்பொருளும் இதுவே. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என் செய்வதென உமர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவி, அவர்கள் கூறியவாறு அறமாக்கினார்கள். அந்நிலம் விற்கப்படலாகாது, அன்பளிப்பாகலாகாது, வாரிசுரிமையாகவும் இறங்கலாகாது. அதன் விளைச்சலில் ஏழைகளுக்கும் உறவினருக்கும் விருந்தினருக்கும் பங்குண்டு, வழிப்போக்கருக்கும் உண்டு.

இதை ஏற்பின், டெலோக் ஆயரில் பெருமிதத்தோடு நிற்கும் நம் நிலை என்ன? "எங்கள் பாட்டன்மார் கட்டியது" என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம், படமெடுத்துக் கொள்கிறோம். காட்டுவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பாட்டன்மார் பேரர்களை எண்ணியா கட்டினார்கள்? உறவும் உறைவிடமும் இன்றிக் கப்பலிலிருந்து இறங்கிய அந்நியனை எண்ணியன்றோ கட்டினார்கள்! பேரன் என்ற உரிமையில் நமக்கு அங்கே ஒரு செங்கல்லும் இல்லை. வழிப்போக்கர் என்ற உரிமையில் வேண்டுமானால் நிழல் உண்டு.

இம்மூன்று கட்டடங்களையும் 1974-இல் அந்நாட்டு அரசு தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவித்தது. பள்ளிகள் இரண்டிலும் ஐவேளைத் தொழுகை நடக்கிறது. தர்காவோ 2011-இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. உயிர்ப்புள்ள இடம் காட்சிக்கூடமாகிவிட்டதே என்று வருந்துவோர் உளர். அவ்வருத்தத்தை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. பாய்மரக் கப்பலில் உயிரைப் பணயம் வைத்து வந்தவரின் நன்றிக்கடனாக இருந்தது அத்தர்கா. வானூர்தியில் சில மணி நேரத்தில் வந்திறங்குபவருக்கு அக்கடலச்சம் ஏது? அவ்வச்சம் எத்தகையதென்று சொல்லவாவது ஓரிடம் இருக்கட்டும். சான்றுகளைப் பேணுவதில் நம் சமுதாயம் காட்டும் அசதியை நினைத்தால், கண்ணாடிப் பேழைக்குள் வைத்தவரைக் குறைகூற நா எழவில்லை.

எனினும் நம்மை நெடுநேரம் நிறுத்தியது குச்சுப் பள்ளியே. வெள்ளிக்கிழமை நண்பகல். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் அலுவலர்களுடன், கட்டட வேலையிலிருந்து நேரே வந்த தொழிலாளரும் தோள் சேர நின்றனர். மலாயும் வங்காளமும் தமிழும் காதில் விழுந்தன. தொழுகை முடிந்ததும் இளைஞர் ஒருவர் சுவரோரம் அமர்ந்து, கைப்பேசியில் இராமநாதபுரத்துத் தமிழில் தாயுடன் பேசிக்கொண்டிருந்தார். சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். பக்கத்தில் உணவுப் பொட்டலம் பிரிக்கப்படாமலே இருந்தது.