துன்பகாலத்துத் திருவருளை எதிர்நோக்கியிருத்தல்

துன்பம் வந்துழி இறைவனை நம்பியிருத்தல் வேண்டுமென்று நாம் நம் மாணாக்கருக்குப் போதிக்கின்றோம். ஆயின், நம்பியிருத்தலாவது யாது என்பதைச் செவ்வையாக ஆராய்ந்திருக்கின்றோமா? யாதொன்றுஞ் செய்யாது வாளாவிருத்தலே நம்பிக்கை என்பாரும், மெய்யன்பரைத் துன்பம் அணுகாது என்பாரும் நம்முள் உளர். இவ்விரண்டும் பொருந்தாவென்பதைத் திருவீழிமிழலையில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணங் கூறுஞ் சரித்திரம் நன்கு விளக்கும்.

திருநாவுக்கரசு நாயனாரும் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் அத்தலத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் மூண்டது. இறைவர் அவர்களுக்குக் கனவிலே தோன்றி, நாடோறும் காசு தருவோமென்று அருளி, கிழக்கும் மேற்குமாகிய பீடங்களில் அவ்வாறே வைத்தருளினார். ஆசிரியர்காள்! இச்சரித்திரத்தில் மூன்று விஷயங்கள் சிந்திக்கற்பாலன.

முதலாவது, இருபெருங் குரவர் உறைந்த ஊருக்கும் பஞ்சம் வந்தது. அன்பிற் குறைந்தார்க்கே இடர் வருமெனின், அவ்வூருக்கு அது வந்தவாறு என்னை? 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 இல் எழுந்த கடற்கோள் முல்லைத்தீவு, மட்டக்களப்பு முதலிய நம் கரையோரங்களில் வழிபாட்டில் வழுவாதாரையும் பாலரையும் ஒருங்கே வாரிக்கொண்டது. தாயை இழந்த பிள்ளையை நோக்கி, அஃது உன் வினை என்று கூறி அமைதல் சமயபோதனையாகாது, கொடுமையேயாம். வினைக்கொள்கை நமக்கு வந்த துன்பத்தை நாம் பொறுத்தற்கு உதவுவது. பிறர் துன்பங்கண்டு வாளாவிருத்தற்கு ஏதுவாவதன்று.

இரண்டாவது, திருவீழிமிழலையில் இறைவர் சமைத்த சோற்றைத் தந்தாரல்லர், காசே தந்தார். அதனைக் கடைவீதியிலே கொடுத்துப் பண்டங்கொண்டு, அமுதாக்கி, அடியார்களை ஊட்டும் பணி மனிதர் கைகளுக்கே விடப்பட்டது. அன்றியும், அஃது அன்றன்றைக்குரிய காசு. நாளைக்கு வேண்டுவதை இன்றே பெற்றுவைத்து அச்சந்தீர்ந்திருக்க ஆங்கு இடமில்லை. இன்றைக் கடனைக் குறைவறச் செய்து, நாளைக்குரியதை அவன் திருவடியில் வைத்தலே எதிர்நோக்கியிருத்தலாம்.

மூன்றாவது, உழவாரங்கொண்டு கைத்தொண்டு செய்த அப்பமூர்த்திகள் பெற்ற காசு வாசியில்லாததாயிருந்தது. சம்பந்தமூர்த்திகள் பெற்ற காசோ வாசியுடையதாயிருந்தமையால், அவர் திருமடத்தில் அமுதூட்டுதற்குக் காலந் தாழ்த்தது. அவர் அக்குறையை உள்ளத்தடக்கி வைத்தாரல்லர். இறைவர்பாற் பதிகத்தால் விண்ணப்பஞ்செய்து நற்காசு பெற்றார். ஆதலால், துன்பத்தில் இறைவனிடம் முறையிடுதல் நம்பிக்கையின்மையன்று. முறையிடுவார்க்கு அதனைக் கேட்பான் ஒருவன் உளன் என்னுந் துணிவே நம்பிக்கையாம். அழுகின்ற பிள்ளையை அழாதே, அழுவது பக்தியன்று என்று நாம் தடுத்தல் தகாது.

இவ்வுண்மையை நம் நாட்டிலே செயலிற் காட்டியவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள். 1877 இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வருத்தியபோது, அவர்கள் பிரசங்கத்தோடு அமையாது, கஞ்சித்தொட்டித் தருமத்தை நிறுவி ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார்கள். திருவருளை நம்பினமையாலன்றோ அத்தருமத்தைத் தொடங்கத் துணிந்தார்கள்!

ஆதலால், ஆசிரியர்காள், இடருற்ற மாணாக்கன் ஒருவன் நம்முன் வந்து நிற்கும்போது, சிவபெருமான் காப்பார் என்று சொல்லுதற்கு முன்னே, அவன் இன்று உண்டானா என்று கேட்போமாக. உண்டிலனெனின், நம்மால் இயன்றதைக் கொடுத்து, அதன்பின் அவனோடிருந்து பஞ்சாட்சரத்தைச் செபிப்போமாக. அப்பொழுதுதான் நாம் கூறும் நம்பிக்கை அவனுள்ளத்தில் வேரூன்றும்.

சிவம்.